வலிப்பும் பேயும்



ஒருவன் காக்காய் வலிப்பால் கீழே விழுந்தால் நம்மவர்கள் உடனே அவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். மறுநாள் பூசாரியைத் தேடுகிறார்கள். பேய் பிடித்தது என்கிறார்கள். பிடித்தது இன்னதென்று சற்று நிதானமாய் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

நமது மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடலும், சேதி வாங்க மரக்கிளை போன்ற கிளைகளும், சேதி அனுப்ப ஒரு நீண்ட இழையும் உண்டு. இவை தனித்தனி அணுக்களே என்று எடுத்துக்காட்டியவர், 1906-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் தேசத்து ரமோன் இ காஹால்.

சேதி எப்படிப் போகிறது? அணுவுக்குள் பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கும். தூண்டப்பட்டவுடன் அணுவின் மேற்தோலில் சிறு வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். இந்த மின்சார மாறுதலே இழை நெடுக ஓடுகிறது. தவளை நரம்பில் இதன் வேகம் வினாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்தார். எந்தப் பேயையாவது எந்தப் பூசாரியாவது அளந்ததுண்டா?

இழையின் முனைக்கும் அடுத்த அணுவுக்கும் நடுவே சிறு சந்து உண்டு. அங்கே ஒருவித இரசாயனப் பொருள் கசிந்து, அடுத்த அணுவைத் தூண்டும், அல்லது அடக்கும். 1921-ல் ஆட்டோ லோவி ஒரு தவளையின் இருதயத்தை நரம்பைத் தூண்டி மெதுவாக்கினார். அதிலிருந்த நீரை மற்றோர் இருதயத்தில் விட, அதுவும் மெதுவாயிற்று.

தூண்டுதலும் அடக்குதலும் அளவு தவறி, ஏராளமான அணுக்கள் ஒரே சமயத்தில் கட்டுமீறிச் சேதி அனுப்புவதே வலிப்பு. அது பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே நின்றுவிடும். பெருமை மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது!

ஆகவே தோழர்களே, வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தக்க மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம். அப்படியிருக்க, ஒரு பெண்ணைப் பேய் பிடித்தவளென்று வேப்பிலையால் அடிப்பதும், கல்யாணமில்லாமல் மூலையில் உட்கார வைப்பதும் எந்த நியாயம்? பூசாரிக்குக் கொடுக்கும் பணத்தை மருந்துக்குக் கொடுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.