பிரிக்காத பெட்டி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்காகத் திருப்பலிக் கருத்து கொடுக்க வருகிறவர்களில் இப்போதெல்லாம் ஆசிரியர்களின் பெற்றோரும் இருக்கிறார்கள். துபாய், அபுதாபி போன்ற நகரங்களின் பன்னாட்டுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் கற்பிக்கிறார்கள். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று ஒவ்வோர் இடமாக முத்திரை வாங்க வேண்டும். அங்கே போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு. இவையெல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும். மனம் குடியேறத்தான் நாளாகிறது.

அப்படி ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கும் சகோதரி ஒருவர் விடுமுறையில் வந்தபோது என்னிடம் சொன்னார்: "சாமி, ஒப்பந்தம் இரண்டு வருஷம்தானே! அதுக்குப் போய் ஒரு பூந்தொட்டி வாங்குவானேன்னு விட்டுட்டேன். பெட்டியைக்கூட இன்னும் முழுசாப் பிரிக்கல." இதை அவர் சொன்னபோது, அங்கே போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'இரண்டு வருஷம்தானே' என்று பாட்டியிடம் விட்டுச் சென்ற மகள் ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்கு வளர்ந்திருந்தாள்.

பிரியமானவர்களே, இந்த 'இரண்டு வருஷம்' விவிலியத்திலும் வருகிறது. எருசலேமிலிருந்து ஒரு பகுதி மக்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த காலம். அனனியா என்பவர் ஆலயத்தில் நின்று, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று முழங்கினார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது கடவுளின் வார்த்தை அல்ல. எரேமியா அந்த மக்களுக்கு ஒரு மடல் அனுப்பினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணுங்கள், குடும்பமாகப் பெருகுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே அதன் சாரம். எரேமியா நூல் 28, 29ஆம் அதிகாரங்களை இன்று வீட்டில் வாசித்துப் பாருங்கள். ஊர் திரும்பும் நாள் வரும் என்ற வாக்குறுதியும் அதே மடலில் இருக்கிறது. ஆனால் அந்த நாள் வரும்வரை வாழ்வைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் எரேமியா.

ஆசிரியருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அமீரகத்தில் வாழ்வோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். பன்னாட்டுப் பள்ளியின் வகுப்பறையில் எகிப்து, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், இங்கிலாந்து என்று பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். தந்தைக்கு இடமாற்றம் வந்தால், ஆண்டின் நடுவிலேயே ஒரு நாற்காலி காலியாகும். பிரிந்து பிரிந்தே பழகிய பிள்ளைகள் அவர்கள். 'நானும் போகப்போகிறவள்தானே' என்று நிற்கும் ஆசிரியை அவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரலாம்; நிழல் தர முடியாது. நீங்களும் அந்நியராய் இருந்ததால் அந்நியரின் உள்ளம் உங்களுக்குத் தெரியும் என்று விடுதலைப் பயண நூல் நினைவூட்டுகிறதே, அந்த உள்ளத்தோடு வகுப்புக்குள் போகிறவரே அங்கே தேவைப்படுகிறார்.

நம் மண்ணுக்கும் அப்படி ஒருவர் வந்தார். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் மறைபோதகராக இங்கு வந்தார். ஆனால் முதலில் தமிழின் மாணவரானார். நம் உணவையும் உடையையும் ஏற்றுக்கொண்டார். 1732இல் சதுரகராதியைத் தந்தார். வந்த இடத்தை விருந்தினர் விடுதியாக நினைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே, வெளிநாடு செல்லும் ஆசிரியர்களே, போன முதல் வாரத்திலேயே பெட்டியைப் பிரித்துவிடுங்கள். ஒரு தொட்டியில் துளசியோ கறிவேப்பிலையோ வையுங்கள். காவலாளியிடமும் பேருந்து உதவியாளரிடமும் அரபியிலோ இந்தியிலோ நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு வழிபாட்டை விடாதீர்கள். துபாயின் தூய மரியா ஆலயம் அந்நகர ஆட்சியாளர் கொடையாகத் தந்த நிலத்தில் எழுந்தது. அங்கே தமிழிலும் திருப்பலி உண்டு. குடும்பத்தையும் அழைத்துச் செல்ல வழி உண்டா என்று பாருங்கள். ஆசிரியரின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தரும் பள்ளிகள் பல உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைக் கேளுங்கள். அழைத்துப்போக முடியாத நிலை என்றால், 'இரண்டு வருஷம்தானே' என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். தெரிந்த உண்மையைச் சொல்லுங்கள். தினமும் ஒரு நேரத்தைக் குறித்து அவர்களோடு பேசி, சேர்ந்து செபியுங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகளிடமிருந்து அழைப்பு வந்ததும், பணம் போட்டாயா என்றும், எப்போது வருவாய் என்றும் கேட்கிறோம். அதற்கு முன்னால், 'இன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அங்கே அவர் வாழும் வாழ்வும் வாழ்வுதான் என்று நாம் ஏற்றுக்கொண்டதாக அவருக்கு அது சொல்லும். வேறு மாநிலத்திலிருந்து நம் ஊர்ப் பள்ளிக்கு வந்து வாடகை வீடு தேடும் ஆசிரியரையும் மறந்துவிடாதீர்கள். நம் பிள்ளைக்கு அங்கே கிடைக்க வேண்டும் என்று நாம் மன்றாடும் வரவேற்பை, அவருக்கு நாம் இங்கே கொடுப்போம்.

மன்றாடுவோமாக: ஆண்டவரே, எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த திருக்குடும்பத்தைக் காத்தவரே, தொலைவில் கற்பிக்கும் எம் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேரூன்றவும், அவர்கள் வாழும் நகர் அவர்களால் நலம் பெறவும் அருள்வீராக. ஆமென்.