சிரிப்பு யார் பக்கம்?
(மன்னார்குடியில் நடந்த கலை இரவுக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நடிகனைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறோம்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றார். வில்லுப்பாட்டுப் பாடினார். பிறகு டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் நடித்தார். கொட்டகையில் முறுக்குத் தட்டு ஏந்திய கை, பின்னர் நாட்டையே சிரிக்க வைத்தது.

சிரிக்க வைப்பது பெரிதா? பெரிதல்ல. யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறான் என்பதுதான் கேள்வி. வேலைக்காரனையும் பட்டிக்காட்டானையும் கேலி செய்து காசு பார்ப்பது சுலபம். கலைவாணரோ ஜாதித் திமிரையும் மூட நம்பிக்கையையும் பார்த்துச் சிரிக்க வைத்தார்.

நந்தன் கதை நமக்குத் தெரியும். நம் சோழ நாட்டுப் பண்ணையாளின் கதை அது. சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நின்றான் நந்தன். அந்தக் கதையைக் கலைவாணர் 'கிந்தனார்' காலட்சேபமாக மாற்றினார். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம் பெற்றது. கிந்தன் கேட்டது கோயில் அல்ல, பள்ளிக்கூடம்! அவன் ஏறியது ரயில் வண்டி. அந்த வண்டியிலே எல்லா ஜாதியும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும். சாணிப்பாலும் சவுக்கடியும் கண்ட இந்தக் கீழத் தஞ்சையிலே அந்தக் கதைக்கு என்ன பொருள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பாட்டன்மார்களின் முதுகு சொல்லும்.

1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரோடு அவரும் கைதானார். ஆயுள் தண்டனை விதித்தார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947-ல் நிரபராதி என்று விடுதலையானார். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. அப்போது அவருடைய நாடக சபா கலைந்ததா? இல்லை. மனைவி மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் மற்றக் கலைஞர்களும் தோள் கொடுத்து நடத்தினார்கள். வழக்குச் செலவுக்கு உதவ 'பைத்தியக்காரன்' படம் எடுத்தார்கள். தலைவன் சிறையில் இருக்கும்போது சங்கத்தைக் காப்பது எப்படி என்று ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். நாடகத் தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது!

சோவியத் நாட்டுக்கும் போய் வந்தவர் அவர். எல்லா விஷயத்திலும் நம் கட்சியோடு ஒத்துப் போனவர் என்று சொல்ல மாட்டோம், அது பொய்யாகும். ஆனால் சம்பாதித்ததை இல்லாதவனுக்கு வாரிக் கொடுத்தார். 49 வயது நிறையுமுன், 1957 ஆகஸ்ட் 30-ல் மறைந்தார்.

தோழர்களே! இன்று கிந்தனின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் அவர்களுடைய கைப்பேசியிலே வரும் சிரிப்பு யார் பக்கம்? கறுத்தவனையும், குண்டானவளையும், கூலிக்காரனையும் கேலி செய்யும்போது நாமும் சேர்ந்து சிரிக்கிறோமா? அப்படிச் சிரித்தால், நம்மை நாமே அடித்துக்கொள்கிறோம் என்று பொருள்.

நம் தெருவிலும் வில்லுப்பாட்டுக்காரன் இருக்கிறான். நடிக்கத் தெரிந்த பெண்ணும் இருக்கிறாள். அவர்களுக்கு ஒரு மேடை போடுவோம். உழைப்பவன் பக்கம் நின்று சிரிக்கும் சிரிப்பை வளர்ப்போம்!