விளையாட்டும் பிள்ளைகளிடையே நீதியும்



விளையாட்டை மார்க்கம் வெறுக்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரே மைல். இதை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டவரே. குதிரைக்கே தூரம் அளந்து வைக்கப்பட்டது. நம் பத்து வயதுப் பாலகனுக்கு?

விடியலில் கிரிக்கெட் அகாடமி, மாலையில் மீண்டும் வலைப்பயிற்சி, ஞாயிறன்று போட்டி. எல்லாம் ஐ.பி.எல். கனவு! அங்கோ 10 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர். அதிலும் 8 பேர் வரை வெளிநாட்டார். ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் அறிவுறுத்தியது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மகனின் மட்டைக்கும் பயணத்திற்கும் பணம் புரட்டும் தந்தை, மகளின் டியூஷனை நிறுத்துகிறார். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அன்பளிப்பு வழங்கிய தந்தை, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே வழங்கினீரா என வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். தேவைக்கேற்பச் செலவு கூடலாம், குறையலாம், அது வேறு. ஒருவனின் ஆசைக்காக இன்னொருத்தியின் தேவையை அறுப்பது வேறு.

அடுத்த கட்டணம் செலுத்துமுன் மகளையும் அருகில் அமர்த்திக் கணக்குப் பாருங்கள். மகனிடமும் கேளுங்கள்: இந்த ஆசை அவனுடையதா, உங்களுடையதா?