முயலகன் அடங்காத வீடுகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்து கேட்பவனாகவே இருந்து வந்திருக்கிறேன். குழந்தை மருத்துவம் என் தொழில். விழாக்குழுவினர் என்னைப் பேசப் பணித்தபோது, எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றி மட்டுமே பேசுவேன் என்று சொல்லி இசைவு பெற்றேன். மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயோடு வாழும் குழந்தைகளின் வாழ்வை எதைக் கொண்டு அளப்பது என்பதே அப்பொருள். இலக்கிய மேடையில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணலாம். பெரியபுராணத்திலேயே இடம் இருக்கிறது.

திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்துக்கு எழுந்தருளிய செய்தியைச் சேக்கிழார் கூறுகிறார். திருச்சிக்கு அருகில் இன்று திருவாசி என வழங்கும் ஊர் அது. கொல்லி மழவன் என்னும் தலைவனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியிருந்தது. செய்யாத வைத்தியமெல்லாம் செய்து பார்த்துப் பயன் காணாமல், கோயிலில் இறைவன் முன்னே அவளைக் கிடத்தியிருந்தான் தந்தை. சம்பந்தர் பதிகம் பாட, பெண் நோய் நீங்கி எழுந்து தந்தையின் பக்கத்தில் வந்து நின்றாள். முயலகன் என்பது வலிப்பைக் குறிக்கும் பழஞ்சொல். வடமொழியில் அபஸ்மாரம் என்பார்கள். ஆடவல்லானின் திருவடியின் கீழ்க் கிடப்பவனுக்கும் இவ்விரண்டுமே பெயர்.

இக்கதையில் என் மனம் நின்றுவிடுவது பதிகத்துக்கு முந்தைய பகுதியில்தான். அந்தத் தாய் எத்தனை இரவுகள் விழித்திருந்திருப்பாள்? அந்தப் பெண் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? நாம் அவளைக் கொல்லி மழவன் மகள் என்றே அறிவோம். அருளின் பெருமையைச் சொல்ல வந்த காப்பியத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் நம் காலத்துச் சிறுகதைகளும் நோயுற்ற குழந்தையைப் பெரும்பாலும் ஒன்று பிழைக்க வைக்கின்றன, அல்லது சாகவிடுகின்றன. நோய் தீராமலே எட்டு வயதும் பத்து வயதும் ஆகி, நாள்தோறும் எழுந்து பள்ளிக்குப் போக ஆசைப்படும் குழந்தை அக்கதைகளில் அரிதாகவே வருகிறது.

அத்தகைய குழந்தைகள் சிலர் அல்லர். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம். மற்றவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. 2000ஆம் ஆண்டில் கிளாஸ்கோவிலிருந்து குவான், பிராடி என்னும் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புதிதாக மருந்து தொடங்கியவர்களில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே நோய் அடங்கியது. இரண்டாம் மருந்தில் மேலும் 13 விழுக்காடு. அதன்பின் வந்த மருந்துகளால் அடங்கியது 4 விழுக்காடுதான். தகுந்த இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் அடங்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று 2010இல் பன்னாட்டு மருத்துவர்கள் வரையறுத்ததும் இதையொட்டியே.

இந்த வீடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். தேதி, நேரம், எத்தனை முறை, எத்தனை நிமிடம். நாங்கள் கேட்கிறோம், பெற்றோர் எழுதுகிறார்கள். இவ்வகை எழுத்தின் முன்னோடி என நான் கருதுவது 1841இல் 'லான்செட்' இதழுக்கு வந்த ஒரு கடிதத்தை. எழுதியவர் வெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர். எழுதியது தம் சொந்தக் கைக்குழந்தையைப் பற்றி. தலை முன்னே கவிழ்ந்து கவிழ்ந்து எழும் அந்த வலிப்பை ஒவ்வொன்றாக விவரித்து, வேறு மருத்துவர் எவரேனும் இதைக் கண்டதுண்டா என்று கேட்கிறார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மருத்துவர் எழுதிய கடிதந்தான். படித்தால் தந்தையின் குரலே கேட்கும்.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் வாழ்க்கை ஆகாது. மருந்தைக் கூட்டினால் நோட்டில் வரிகள் குறையலாம். குழந்தை வகுப்பில் தூங்கிவிழலாம். வால்புரோயேட் சிலருக்கு உடலைப் பருக்க வைக்கிறது, முடியை உதிர்க்கிறது. டோபிரமேட் என்றொரு மருந்து. சில குழந்தைகளுக்கு அது வாய்க்கு வரும் சொல்லைத் தடுத்துவிடும். பொருள் தெரியும், பெயர் வராது. கவிஞர்களாகிய உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உணவு மருத்துவமும் அப்படியே. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் முன்மொழிந்த கீட்டோஜெனிக் உணவில், கண்டிப்பான முறைப்படி, ஒரு பங்கு புரதமும் மாவுச்சத்தும் என்றால் நான்கு பங்கு கொழுப்பு. இதைச் சற்றுத் தளர்த்திய உணவுமுறையை டெல்லி மருத்துவர்கள் 102 குழந்தைகளிடம் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அவ்வுணவு உண்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கு வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. சிறந்த பயன்தான். ஆனால் இட்லி இல்லை, சோறு இல்லை, வாழைப்பழம் இல்லை. பொங்கலன்று வீடெங்கும் வெல்லம் மணக்கும்போது, அந்தக் குழந்தைக்கு மட்டும் தனித் தட்டில் வெண்ணெயும் முட்டையும். உடன்பிறந்தவன் ஒளிந்து நின்று உண்பான். பலன் இருக்கும்வரை தாங்கலாம். பலன் இல்லாதபோது அதை நிறுத்துவதும் சிகிச்சையே என்று நான் சொல்வதுண்டு.

அறுவை மருத்துவம் எல்லாருக்கும் பொருந்தாது, பொருந்துவோர்க்குப் பெருந்துணை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் நடைபெற்று வருகிறது. டெல்லியில் 116 சிறாரிடம் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டுக்குப்பின் அறுவை செய்துகொண்டவர்களில் 77 விழுக்காட்டினர் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் உண்டவர்களில் 7 விழுக்காட்டினர். அறுவை செய்துகொண்டவர்களில் மூன்றிலொரு பங்கினர்க்குக் கடுமையான பின்விளைவுகள் நேர்ந்தன; பலருக்கு அது உடலின் ஒரு பக்கம் தளர்வது. எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்பதைப் பெற்றோர் எடைபோடுகையில் குழந்தையையும் கேட்க வேண்டாமா?

கனடாவில் கேட்டார்கள். ரோனன் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவர்களும் 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளைச் சிறு குழுக்களாக அமர்த்திப் பேசவிட்டு, 1999இல் அதை வெளியிட்டார்கள். அதிலிருந்து 25 வினாக்கள் கொண்ட அளவுகோல் 2003இல் பிறந்தது. வலிப்பின் எண்ணிக்கை அதில் தலைமையிடம் பெறவில்லை. நண்பர்கள் எப்படி நடத்துகிறார்கள், எதற்கு அஞ்சுகிறாய், உன்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், யாரிடமெல்லாம் மறைக்கிறாய், மற்றக் குழந்தைகளைப் போல் இருக்க முடிகிறதா: இவையே அதன் உட்பொருள்.

அதைப் படித்தபின் நானும் கேட்கத் தொடங்கினேன். வாரம் தவறாமல் வலிப்பு வரும் ஒன்பது வயதுச் சிறுமியிடம், என்ன வேண்டும் என்றேன். "நான் மட்டும் தனியாக் கடைக்குப் போயி ஒரு பென்சில் வாங்கிட்டு வரணும் டாக்டர்" என்றாள். கடை அவர்கள் வீட்டிலிருந்து நான்காவது கட்டடம். தாய் தெருமுனையில் நின்றுகொள்வது என்றும், கடைக்காரரிடம் முன்பே சொல்லிவைப்பது என்றும் முடிவாயிற்று. பென்சில் வந்தது. அவள் வலிப்பு இன்றும் அடங்கவில்லை. முயலகன் கொல்லப்படுவதில்லை, திருவடியின் கீழே கிடக்கிறான், மேலே கூத்து நடக்கிறது. சிற்பி கண்டது அது.

மறைத்தல் என்றேன். பெண் குழந்தையென்றால் மறைப்பு இன்னும் கடுமை. இந்துத் திருமணச் சட்டமே வலிப்பை ஒரு தடையாக வைத்திருந்து, 1999இல்தான் அச்சொல்லை நீக்கிற்று. சட்டம் மாறியபின்னும் வீடுகள் மாறவில்லை. பெயரும் ஒரு காரணம். மலாய் மொழியில் 'பைத்தியப் பன்றி' என்று பொருள்படும் பெயரொன்று இருந்தது. கொரியர்கள் பழைய இழிபெயரை விட்டு, மூளையின் மின்னோட்டத்தைச் சுட்டும் புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். நம்மிடம் 'காக்காய் வலிப்பு' இருக்கிறது. கால்கை வலிப்பு மருவியது என்பர்; காகத்துக்கு அதில் பங்கில்லை. ஆனால் பள்ளி மைதானத்தில் அது வசைச்சொல். தமிழில் எச்சொல் தகும் என்பதைச் சொல்லறிந்த இந்த அவையிடமே விடுகிறேன்.

இன்னொன்று. வட்டம் நடத்தும் சிறுவர் கதை அரங்குக்கு இரண்டு குழந்தைகள் வர விரும்புகிறார்கள். ஒரு பள்ளி, சுற்றுலாவுக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்ட பையன் ஒருவன். பென்சில் வாங்கியவள் மற்றவள். இசைவு கேட்டுச் செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அரங்கின் நடுவே வலிப்பு வரலாம். வந்தால், அவர்களைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மேல்துண்டை மடித்து வையுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், சாவிக்கொத்தைத் தேடி ஓட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். அடங்கிவிட்டால், சற்றுத் தூங்க விடுங்கள். எழுந்ததும், விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்லுங்கள்.