இரண்டாம் முறை வகையிடும்போது



வைத்தியர் வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் வகுப்புத் தோழியர் கேட்டதோ வேறு: "ரீச்சரின் இரண்டாம் பெறுதியைப் பற்றிச் சொல்லு."

நாங்கள் 1990களில் இங்கு உயர்தரம் படித்தவர்கள். உயிரியல் பிரிவுக்குக் கணிதம் பாடமில்லை. ஆனாலும் ஆர்முடுகல் சரியாக விளங்க வேண்டும் என்று ரீச்சர் எங்களையும் கணிதப் பிரிவின் மாலை வகுப்பில் பின்வாங்கிலில் இருத்தினார். தந்த கணக்குகளை இரவில் ஜாம் போத்தல் விளக்கில் செய்தோம். கொப்பித் தாளுக்குத் தட்டுப்பாடு. பிழைவிட்டால் தாள் வீண்.

அதிகம் வீணானது ஒரே கணக்கில். எக்ஸ் சமன் ரி வர்க்கம், வை சமன் ரி கனம். முதற் பெறுதி ரியின் 3/2 மடங்கு; அதில் எல்லாரும் சரி. இரண்டாவதற்கு எங்களில் பாதிப்பேர் வையை இருமுறை, எக்ஸை இருமுறை வகையிட்டு, ஒன்றை மற்றதால் வகுத்தோம். ரி ஒன்றாகும்போது 3 வந்தது. மற்றவர்கள் முதற் பெறுதியை ரி குறித்து வகையிட்டு 3/2 என்று நிறுத்தினார்கள். இரண்டுக்கும் பூச்சியம்.

"எதைக் குறித்து வகையிடுகிறாய் பிள்ளை?" என்று மட்டும் ரீச்சர் கேட்டார். கேள்வி எக்ஸைக் குறித்தது. ஆகவே அந்த 3/2 ஐ, எக்ஸ் ரியுடன் மாறும் வீதமாகிய 2ரி ஆல் இன்னொருமுறை வகுக்க வேண்டும். விடை 3/4. நம்பாதவர்கள் ரியை நீக்கிப் பாருங்கள்: வை, எக்ஸின் 3/2 ஆம் அடுக்கு, எக்ஸ் ஒன்றாகும்போது அதன் இரண்டாம் பெறுதியும் 3/4 தான்.

இரண்டாம் பெறுதி பூச்சியமானால் உடனே விபத்திப் புள்ளி என்று எழுதுவதும் எங்கள் வழக்கம். எக்ஸின் நான்காம் அடுக்குக்குப் பூச்சியத்தில் அப்படித்தான் வரும். ஆனால் அங்கே இருப்பது இழிவுப் புள்ளி. இருபுறமும் குறி மாறுகிறதா என்று பார்க்காமல் பேனையை வைக்கக்கூடாது.

இளம் வைத்தியர்களாய் ஒரு கிளினிக்கில் இருந்தபோது ஒரு தாய் குழந்தையின் நிறைப் பதிவைக் காட்டினார். ஒரு மாதம் 400 கிராம் கூடியிருந்தது. அடுத்த மாதம் 200, பிறகு 100. "கூடுதுதானே அம்மா" என்று அனுப்பப் பார்த்தோம். மருத்துவ மாதுதான் மறித்தார்: "கூடுது டொக்டர், ஆனா கூடுற அளவு குறையுதே." குழந்தை வளர வளர அந்த அளவு குறைவது இயல்புதான். ஆனால் இந்தக் கோடு, அட்டையில் அச்சிட்டிருந்த வளைகோட்டை விட்டு விலகிக் கீழே சரிந்துகொண்டிருந்தது. முதற் பெறுதியோடு நின்றுவிட்டோம், அதே பின்வாங்கில் பிள்ளைகள். தாயை இருத்தி, என்ன உணவு, எத்தனை தரம் என்று அப்போதுதான் விசாரித்தோம். இரண்டு மாதத்தில் கோடு நிமிர்ந்தது.

இணைந்த கணிதம் எடுக்கும் தங்கைமார் தேநீருக்குப் பிறகு பழைய மண்டபத்துக்கு வாருங்கள். ரீச்சரும் வந்திருக்கிறார், வெண்கட்டி எடுத்து வைத்திருக்கிறோம்.