துள்ளுகிற பிள்ளை: சூட்டிகையா, கவனக் குறையா?

(அரியக்குடியில் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்காக நிகழ்த்திய பேச்சு)

 

"எம் மகன் ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், வீட்டில் உடனே இரண்டு தீர்ப்பு வந்துவிடும். "மூளை ஜாஸ்தி, அதான் துள்ளுறான்" என்பார் அப்பத்தா. "நாலு போட்டா சரியாப் போயிடும்" என்பார் அப்பா. அடித்தால் சரியாகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பத்தா சொல்வதைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

வயதுக்கு மீறிய அறிவுள்ளவர்களை மீத்திறக் குழந்தைகள் என்கிறோம். இன்னொரு பக்கம், கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட ஒரு குறை உண்டு. டாக்டர்கள் அதை ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். மூளை வளர்ச்சியில் வரும் வேறுபாடு அது. தாயின் வளர்ப்புக் குற்றம் அல்ல. உலகில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இருக்கிறது. புதிய நாகரிக வியாதியும் அல்ல. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-லேயே லண்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

கும்பகோணத்தில் படித்த கணித மேதை ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். 1904-ல் பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கியவர், உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையில் எஃப்.ஏ. பரீட்சையிலும் இரண்டு தடவை தேறவில்லை. மார்க்கை மட்டும் பார்த்தால் கவனமில்லாத பையன். ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகக் கணக்கு! 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. (அதற்காக, ஃபெயிலான பிள்ளையெல்லாம் ராமானுஜன் என்று இருந்துவிடாதீர்கள்.)

சரி, வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டீச்சர் போட்ட கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டுகிறானா? இன்னும் கடினமான கணக்கு ஒன்று கொடுங்கள். அப்போது அடங்கி உட்கார்ந்தால், அவனுக்கு அலுப்பு, வேலை போதவில்லை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கும் விடை தெரியும். ஆனால் பாதியில் எழுந்து போவான். கூட்டலைக் கழித்து வைப்பான். பென்சிலைத் தினம் தொலைப்பான். விளையாட்டிலும் தன் முறை வரும்வரை காத்திருக்க மாட்டான். வகுப்பு, வீடு, பெருமாள் கோயில் வரிசை, எங்கும் இதே கதைதான். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, இரண்டு இடங்களிலாவது தெரிந்தால்தான் டாக்டர்கள் இதை யோசிப்பார்கள். ஒரே ஒரு வகுப்பில் மட்டும் தொல்லை என்றால், அந்த வகுப்பையும் பார்க்க வேண்டும் அல்லவா?

"செல்போனை ரெண்டு மணி நேரம் அசையாமப் பாக்கறானே, அவனுக்கா கவனமில்ல?" என்று கேட்பீர்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிடித்ததில் இந்தப் பிள்ளைகளும் ஒட்டிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் பலர் துள்ளவே மாட்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாதுவாக இருப்பார்கள். யாரும் கவனிப்பதில்லை. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் உண்டு. அறிவு குறையை மறைக்கும். குறை அறிவை மறைக்கும். கடைசியில் "சராசரிப் பிள்ளை" என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் இவர்கள்தான்.

முதலில் கண், காது, இரத்தசோகை, தூக்கம் பாருங்கள். பலகை தெரியாத பிள்ளையும் திரும்பித் திரும்பித்தான் பார்க்கும். பள்ளி வயதுப் பிள்ளை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறது என்றால் அது வலிப்பாகவும் இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு வரும்போது இதைக் கேளுங்கள். ஏ.டி.எச்.டி.யும் அவர்கள் பட்டியலில் உண்டு. தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ இது தெரியாது. நீங்களும் டீச்சரும் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும். போகும்போது பிள்ளையின் கணக்கு நோட்டையும், டீச்சர் எழுதிக் கொடுத்த நாலு வரியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.