வலிக்காத காலுக்கு ஒரு காவல்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நாங்கள் இங்கே படித்த காலத்தில், வராந்தாவில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே எந்த வாத்தியார் வருகிறார் என்று சொல்லிவிடுவோம். நடை என்பது கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. அந்த நடையை அளக்கும் கருவிகளைச் செய்வதுதான் இன்று என் தொழில்.

இது புதுத் தொழில் அல்ல. 1870களிலேயே பிரான்சு நாட்டில் மாரே என்ற அறிஞர் காலணியின் அடியில் காற்று நிரம்பிய ஓர் அறையை வைத்தார். கால் ஊன்றியதும் அந்தக் காற்று குழாய் வழியே போய், நடப்பவர் கையில் பிடித்திருக்கும் உருளையில் கோடு போடும். இன்று அந்த வேலையைச் செருப்புக்குள் வைக்கும் மெல்லிய சென்சார் அட்டை செய்கிறது. அழுத்தம் கூடினால் அதன் மின்தடை குறையும், அவ்வளவுதான் சூத்திரம். குதிகால் எப்போது ஊன்றியது, பெருவிரலின் அடியில் எவ்வளவு பாரம் விழுந்தது எல்லாம் தெரிந்துவிடும். சாதாரண நடையில் ஒரு கால், தன் நேரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் தரையிலும் 40 சதவீதம் காற்றிலும் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் அளந்து என்ன ஆகப்போகிறது? நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

என் அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. ஒருநாள் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தார். கூடத்தில் வரிசையாக ரத்தத் தடம். அம்மாதான் முதலில் பார்த்தார். செருப்பில் ஓர் ஆணி ஏறியிருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் வலிக்கலியேடா" என்றார். வலிக்காததுதான் நோய் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் டாக்டர் பால் பிராண்டைப் பற்றித் தேடிப் படித்தேன். கொல்லிமலையில் 1914ல் பிறந்தவர். 1946ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்காக உழைத்தவர். விரல்கள் நோயினால் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். நாம் வெகுதூரம் நடந்தால் நம்மை அறியாமலே பாரத்தை மாற்றி ஊன்றுவோம். உணர்ச்சியற்ற கால் அப்படி மாற்றாது. முதல் அடியைப் போலவேதான் கடைசி அடியையும் வைக்கும்.

1966ல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போன அவர், அங்கே செயற்கை வலியை உண்டாக்கவும் முயன்றார். கையிலும் காலிலும் சென்சார். அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம். நோயாளிகள் அதைச் சட்டை செய்யவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். வேலை முடியவேண்டும் என்றால் அதை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அணைக்க முடிந்த வலி, வலியாகாது. முயற்சி கைவிடப்பட்டது.

இதைப் படித்த பிறகும் நான் அதே தப்பைச் செய்தேன், நண்பர்களே! அப்பாவின் செருப்புக்கு ஓர் அட்டை செய்து, பாரம் மிஞ்சினால் இடுப்பில் ஒலிக்கும் பஸ்ஸர் ஒன்றையும் வைத்தேன். மூன்றாம் நாளே கோயிலில் அதை அணைத்துவிட்டார். "நாலு பேர் திரும்பிப் பாக்கறாங்கடா." இன்ஜினீயர் மகனிடம் இதற்குப் பதில் இல்லை.

அடுத்த முறை அந்த அறிவிப்பு என் மகள் கையிலிருக்கும் போனுக்குப் போகும்படி மாற்றினேன். அவள், "தாத்தா, உக்காருங்க, காலைக் காட்டுங்க" என்பாள். மகன் சொல்லிக் கேட்காதவர், பேத்தி சொன்னால் உட்கார்ந்துவிடுவார். புண்ணே வரவில்லை என்று சொன்னால் பொய். ஒருமுறை வந்தது. அன்றைக்கே பார்த்துவிட்டோம், விரல் தப்பியது.

2019ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள், ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய சர்க்கரை நோயாளிகளுக்கு இத்தகைய அட்டையும் எச்சரிக்கை தரும் கைக்கடிகாரமும் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். 18 மாதத்தில் மறுபடி புண் வருவது 71 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் எச்சரிக்கையை மதித்தால் கால் தப்பும் என்ற நம்பிக்கையைத் தருகிறது.

மாணவச் செல்வங்களே, அளப்பதற்குக் கருவி செய்வது எளிது. நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அது சொல்வதை யார் கேட்பார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துச் செய்யுங்கள். என் வயது நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பாதிப் பேர் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னதைச் சற்று முன்பு கவனித்தேன். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வையுங்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். செருப்பைப் போடுமுன் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இதற்குச் சென்சார் எதுவும் வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கும் நாம் எல்லோரும் இதே வராந்தாவில் நம் சொந்தக் காலில் நடந்து வரவேண்டும்.